பிரிம்ரோஸைப் புதைத்த டூகல் ரென்னி

கிளென் ஃபெஸ்ஸன் எஸ்டேட்டின் தலைமை வேட்டைக்காவலர் டூகல் ரென்னிக்கு ஐம்பத்தேழு வயதில் நான்கு உரிமங்கள் இருந்தன. பொறி வைக்க ஒன்று. மலையை மூடிக் கிடக்கும் ஹெதர் புதரைக் கொளுத்த ஒன்று. துப்பாக்கி வைத்துக்கொள்ள ஒன்று. பூனைப்பருந்துக்குச் சோறு போட ஒன்று. ஐந்தாவது உரிமம் அவர் பேரில் இல்லை, எஸ்டேட் பேரில் இருந்தது. குரௌஸ் சுடுவதற்கான உரிமம். அது போய்விட்டால் மற்ற நான்கையும் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். மாட்டுவதற்குச் சுவரும் இருக்காது, ஏனென்றால் அவர் குடியிருக்கும் வீடும் எஸ்டேட்டினுடையதுதான்.

குரௌஸ் என்பது நம் கவுதாரிக்குக் குளிர்தேசத்துச் சித்தப்பா பிள்ளை. ஹெதர் தளிரைத் தின்று, ஹெதருக்குள்ளேயே முட்டையிட்டு, ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி வரை சட்டப் பாதுகாப்போடு வாழ்கிற பறவை. அன்று காலை லண்டனிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் கனவான்கள் வந்து, மலைச்சரிவில் வரிசையாகக் கட்டியிருக்கும் புல்கட்டி மறைவுகளில் நின்று சுடுவார்கள். அதுவரைக்கும் அந்தப் பறவைக்கு ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் டூகலின் உத்தியோகம். நரி தின்னக் கூடாது. காக்கை முட்டையைக் குடிக்கக் கூடாது. பூனைப்பருந்து குஞ்சைத் தூக்கக் கூடாது. பட்டியலில் பெயர் உள்ளவர் மட்டுமே கொல்லலாம். இதில் ஏதோ முரண் இருப்பதாக நகரத்திலிருந்து வரும் மலையேறிகள் அவரிடம் அடிக்கடி எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். டூகல் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். அவர்களுடைய சாப்பாட்டுப் பெட்டியில் இருக்கும் கோழி சாண்ட்விச்சைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

பதினாறு வயதில் அதே எஸ்டேட்டில் சேர்ந்தார். அப்போதைய தலைமைக் காவலர் கில்லெஸ்பி என்பவர். அதிகம் பேசாத மனிதர். பேசியதில் பாதியை அவருடைய நாய்களிடம் பேசினார். மீதியில் ஒன்று இது: வளைந்த அலகு உள்ளது எது மலையில் செத்துக் கிடந்தாலும், உடனே கரிமண்ணுக்குள் தள்ளிவிட வேண்டும். எப்படிச் செத்தது என்று பார்க்கக் கூடாது. பார்த்தால் ஞாபகம் இருக்கும், ஞாபகம் இருந்தால் யாராவது கேட்கும்போது முகம் காட்டிக்கொடுக்கும். பக்கத்து எஸ்டேட்டுகளிலும் இதே முறைதான். எங்கேயும் எழுதி வைக்கவில்லை, யாரும் மறந்ததும் இல்லை. கழுகு தானாகவே கிழமாகிச் செத்திருந்தாலும் வேட்டைக்காவலர், அதாவது கீப்பர், கையில் கண்டால் எந்தப் போலீஸ்காரர் நம்புவார் என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்தக் காலத்தில் வளைந்த அலகுகள் வயோதிகத்தால் மட்டும்தான் செத்தனவா என்ற கேள்விக்கு டூகல் பதில் சொன்னதில்லை. அவருடைய மனைவி ரோனா கேட்டதில்லை. முப்பத்தோரு வருட மண வாழ்க்கை நின்றுகொண்டிருந்த தூண்களில் அதுவும் ஒன்று.

பிறகு சட்டங்கள் வந்தன. முதலில் கண்ணிகளைத் தடை செய்தார்கள். அப்புறம் பொறி வைக்கப் பயிற்சி வகுப்பு என்று ஊர்ப் பொதுமண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். நாற்பது வருடம் பொறி வைத்த பதினோரு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, பொறியை எப்படித் திறப்பது என்று திரையில் படம் பார்த்தார்கள். கடைசியில் பரீட்சை வைத்தார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்குக் கீப்பர் டாவி மில்ன் ஒரு கேள்வியில் தவறினான். பொறிக்குள் விரலை விடலாமா என்பது கேள்வி. அவன் "சூழ்நிலையைப் பொறுத்தது" என்று எழுதியிருந்தான்.

அதற்கும் மேலே வந்ததுதான் குரௌஸ் உரிமம். முன்பெல்லாம் ஒரு கீப்பர் குற்றம் செய்ததாகச் சொல்ல வேண்டுமானால் நீதிமன்றத்தில் சாட்சி வேண்டும். நாற்பது சதுர மைல் மலையில் சாட்சிக்கு எங்கே போவது? ஆடுகள் பேசாது. இப்போது அது வேண்டாம். உங்கள் மலையில் பருந்துக்கோ கழுகுக்கோ தீங்கு நடந்திருக்கிறது என்று உரிம அலுவலகம் நம்பினாலே போதும், உரிமத்தை நிறுத்திவைக்கலாம். அவ்வளவு நாளும் நிரூபிக்க முடியாததால் தப்பித்தவர்கள், நிரூபிக்காமலேயே மாட்டிக்கொள்வோம் என்று அலறினார்கள். எஸ்டேட் மேனேஜர் கிரெஸ்வெல் அலறவில்லை. பென்சில் எடுத்தார். உரிமம் எந்த நிலத்துக்கு வேண்டும் என்று விண்ணப்பத்தில் எஸ்டேட்டே கோடு போட்டுக் கொடுக்கலாம் என்றிருந்ததால், சுடும் மறைவுகளைச் சுற்றி இடுப்பு பெல்ட் போல ஓர் இறுக்கமான கோடு போட்டார். பெல்ட்டுக்கு வெளியே என்ன நடந்தாலும் உரிமத்தைத் தொடாது என்பது அவர் கணக்கு. அந்தக் கோட்டைப் போட்ட நாளில் அவர் முகத்தில் இருந்த மலர்ச்சியை அதற்கு முன் அவர் கல்யாண போட்டோவில்தான் பார்க்க முடியும்.

நல்ல பெயருக்காகவும் ஒரு காரியம் செய்தார்கள். மலையில் ஒரு ஜோடி பூனைப்பருந்து கூடு கட்டியது. அது குரௌஸ் குஞ்சைத் தூக்காமல் இருக்க, கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தை நட்டு, தினமும் செத்த கோழிக்குஞ்சுகளையும் எலிகளையும் அதன் மேல் வைப்பது. அதற்குத்தான் அந்த நான்காவது உரிமம். மே முதல் ஜூலை வரை டூகல் காலையில் வாளி நிறையக் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு ஏறினார். தாய்ப் பருந்து அவர் தொப்பியைக் குறிபார்த்துக் கீழே பாயும். உணவு கொண்டுவருகிறவரின் மண்டையைப் பிளக்கப் பார்க்கும் வாடிக்கையாளர்.

"சர்வருக்கு டிப்ஸ் குடுத்தாளா இன்னிக்கு?" என்று ரோனா தினமும் கேட்பாள்.

"தொப்பியில குடுத்தா. நீயே பாத்துக்கோ" என்பார் டூகல்.

நான்கு குஞ்சுகள் பறந்தன. அதில் ஒரு பெண் குஞ்சின் முதுகில் ஆய்வாளர்கள் ஒரு சின்னக் கருவியைக் கட்டினார்கள். தீப்பெட்டியைவிடச் சின்னது, வெயிலில் மின்சாரம் எடுத்துக்கொண்டு, பறவை இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோளுக்குச் சொல்லும். நகரத்துப் பள்ளி ஒன்று அதற்குப் பிரிம்ரோஸ் என்று பெயர் வைத்து, கேக் வெட்டியது. டூகல் அந்தப் பெயரைச் சொல்லவே மாட்டார். மலையில் பெயர் இருப்பது நாய்களுக்கும் மனிதர்களுக்கும்தான் என்பது அவர் கொள்கை. மனிதர்கள் விஷயத்தில் அவருக்குச் சிறிது சந்தேகமும் உண்டு.

அடுத்த மார்ச், ஒரு செவ்வாய்க்கிழமை. ஈரப் பனி சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் மறைவுக்குக் கீழே மான் வேலி ஓரமாக டூகல் வந்துகொண்டிருந்தார். வேலியடியில் பழுப்பாக ஒன்று குப்புறக் கிடந்தது. வாலுக்கு மேலே வெள்ளைப் பட்டை. பெண் பூனைப்பருந்து. இதற்கு மேல் அவர் எதையும் பார்க்கவில்லை. இறக்கையைப் பிடித்துத் தூக்கினார். நாலடி தள்ளி இருந்த கரிமண் திட்டின் அடியில் செருகினார். பூட்ஸ் குதிகாலால் மண்ணை உதைத்து மூடினார். முதுகுப் பக்கம் ஏதோ கெட்டியாகப் பட்டது. எலும்பு என்று விட்டுவிட்டார். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம். கொட்டாவி வரும்போது கை வாயை மூடுமே, அந்த மாதிரி ஒரு காரியம். அவருடைய நாய் மெக் கூட நின்று பார்க்கவில்லை, முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. உரிம அலுவலகத்து அதிகாரி இஷ்பெல் காவ். நல்ல பெண், மூன்று மாவட்டங்களை ஒரே காரில் பார்த்துக்கொள்கிறவள், அதனால் எப்போதும் சோர்ந்த குரல்.

"மிஸ்டர் ரென்னி, பிரிம்ரோஸ் பத்தி ஒரு விஷயம். திங்கட்கிழமை சாயங்காலத்துலேருந்து அவ ஒரே எடத்துலயே இருந்திருக்கா. செத்திருக்கணும்னு நெனச்சோம். புதன்கிழமை ஆள அனுப்பி எடுத்துக்கலாம்னு இருந்தோம். ஆனா செவ்வாய் காலைல பத்து நாப்பதுக்கு அவ முதுகுல கட்டுன டேக் சட்டுனு நின்னுபோச்சு."

"ரிப்பேரா இருக்கும்."

"ரிப்பேர்னா கொஞ்ச நாள் முன்னாடியே தடுமாறும். இது கத்திரியால வெட்டுன மாதிரி நின்னிருக்கு. உங்க மூணாம் மறைவுக்குக் கீழ. உரிமக் கோட்டுக்கு உள்ள. நீங்க ஏதாவது பாத்தீங்களா?"

"பாக்கல" என்றார் டூகல். நாற்பது வருடமாக அந்த வார்த்தை தானாகவே வந்துகொண்டிருந்தது.

போனை வைத்த பிறகுதான் அந்தக் கெட்டியான எலும்பு அவருக்கு ஞாபகம் வந்தது. கரிமண்ணுக்குள் வெயில் ஏது?

ரோனா கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும் பரிமாறிக்கொண்டிருந்தாள். வாரத்தில் நான்கு நாள் பள்ளிச் சமையலறையில் நூறு பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறவள். யார் தட்டில் காய்கறியை ஒளித்து வைக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

"யாரு போன்ல?"

"லைசென்ஸ் ஆபீஸ்."

"மறுபடியும் பொறி லைசென்ஸ் நம்பரா?"

"பருந்து காணோமாம்."

"எந்தப் பருந்து?"

"அதான்... அந்த... பிரிம்ரோஸ்."

ரோனா கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து அவள் கேட்டதே இல்லை.

"நான் ஒண்ணும் பண்ணல" என்றார் டூகல்.

"நான் கேக்கவே இல்லயே."

"செத்துக் கெடந்துச்சு. புதைச்சேன்."

"எதுக்கு?"

டூகல் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். "கெடந்துச்சு" என்றார்.

"எப்படிச் செத்துச்சு?"

"பாக்கல."

"மலையில எலி தும்முனாக்கூட நோட்டுல எழுதற ஆளு, பருந்து எப்படிச் செத்துச்சுன்னு பாக்கல?"

"பாக்கக் கூடாது, ரோனா. அதான் முறை."

"நல்ல முறைய்யா. கொலகாரன் பொணத்த மறைப்பான், கேள்விப்பட்டிருக்கேன். கொல பண்ணாதவன் மெனக்கெட்டுப் போய் பொணத்த மறைச்சுட்டு வர்றது இந்த எஸ்டேட்லதான் நடக்கும். சும்மா உட்டிருந்தா புதன்கிழமை அவங்களே வந்து பொறுக்கிட்டுப் போயிருப்பாங்க."

"தோண்டி எடுத்து, பழைய எடத்துலயே வச்சுட்டா?"

"வையி. வெயில் பட்டதும் டேக் எந்திரிக்கும். ரெண்டு நாள் செத்துக் கெடந்துட்டு, ஈஸ்டருக்கு முன்னாடியே உயிர்த்தெழுந்த மொத பருந்துன்னு பேப்பர்ல போடுவாங்க. சாப்புடு, ஆறுது."

அவர் சாப்பிடவில்லை. மெக் சாப்பிட்டது.

சாயங்காலம் மேனேஜர் கிரெஸ்வெல் கூப்பிட்டார். அவருக்கும் அலுவலகத்திலிருந்து தகவல் போயிருந்தது.

"ரென்னி, நமக்கு ஒண்ணும் தெரியாது. வக்கீல் பதில் எழுதிக்குவாரு. பொணம் இல்லாம அவங்களால சந்தேகப்படத்தான் முடியும். அத வருஷக்கணக்கா இழுத்துடலாம். நீ எதையும் பாக்கலயில்ல?"

"சார், அது வந்து—"

"பாக்கல. நல்லது. இங்க பாரு, லைசென்ஸ் நின்னா குரௌஸ் இல்ல. குரௌஸ் இல்லன்னா கீப்பர் எதுக்கு? உன் வீட்ட லீவுக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விடலாம்னு லண்டன்ல முதலாளி பக்கம் ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கு. குளிக்கற தொட்டிய வெளிய, ஆகாசத்தப் பாத்த மாதிரி வைக்கணுமாம். எனக்கு அதுல விருப்பமில்லப்பா. ஆனா என்னைக் கேட்டா முடிவு பண்றாங்க?"

கேள்வியும் அவரே, பதிலும் அவரே. டூகலுக்கு "சரி சார்" மட்டும் மிச்சமிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை டூகல் மலைக்குப் போனார். கரிமண் திட்டுக்கு முன்னால் போய் நின்றார். தோண்டலாமா? சாக்கும் மண்வெட்டியுமாக ஒரு கீப்பர் இந்த இடத்தில் நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டு ஊன்றுகோல்களோடு ஒரு மலையேறி வந்தான். "அருமையான காலை, இல்ல?" என்றான். பனித்தூறல் அவன் மூக்கிலிருந்து சொட்டியது. டூகல் ஆமாம் என்றார். அவன் போய் மறையும் வரை கரிமண்ணைப் பற்றி ஆழ்ந்த ஆராய்ச்சி செய்பவர் போல நின்றார்.

அவருடைய சங்கடம் இதுதான். அந்தப் பருந்து எப்படிச் செத்தது என்று அவருக்கே தெரியாது. வேலியில் மோதியிருக்கலாம். பட்டினியாக இருக்கலாம். வேறு எங்கேயோ எவனோ சுட்ட ஒரு ஈயக் குண்டைச் சுமந்துகொண்டு வந்து இங்கே விழுந்திருக்கவும் கூடும். குண்டு இருந்தால், புதைத்த கை அவருடையது. அப்புறம் எந்தச் சாமி வந்து சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். வீடு, வேலை, நாய்க்கூண்டு, ரோனாவின் காய்கறிப் பாத்தி, எல்லாம் முடிந்தது. சொல்லாமல் இருந்தால் வக்கீல் இழுப்பார், ஒரு வருடமோ இரண்டு வருடமோ. முடிவு அப்போதும் அதேதான், மெதுவாக வரும். கிரெஸ்வெல்லுக்கு மெதுவாக வருவது பிடிக்கும்.

ஆனால் டூகலைக் குடைந்தது இந்தக் கணக்கு இல்லை. இத்தனை காலமாக "பாக்கல" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அதற்குப் பின்னால் ஏதோ ஒரு காரியம் இருந்தது. செய்ததற்குப் பொய் சொல்வது உத்தியோகத்தின் ஒரு பகுதி. செய்யாததற்கும் பொய் சொல்வது என்பது அவருக்குக் கொஞ்சம் கேவலமாகப் பட்டது. சம்பளத்துக்கு மேல் வேலை செய்வது மாதிரி.

கிளென் ஃபெஸ்ஸன் மலையில் செல்போன் சிக்னல் கிடைப்பது மூன்றாம் மறைவில் மட்டும்தான். ஆகஸ்டில் எந்த மறைவு யாருக்கு என்று கனவான்கள் சீட்டுக் குலுக்கும்போது பங்குச்சந்தைக்காரர்கள் மூன்றாம் நம்பர் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்வது அதற்காகத்தான். டூகல் அந்த மறைவுக்குள் இறங்கி நின்று இஷ்பெல் காவைக் கூப்பிட்டார்.

"மேடம், நேத்திக்கு நான் சொன்னது தப்பு."

"எது?"

"பாக்கலன்னு சொன்னது."

மறுமுனையில் கார் ஓரமாக நிற்கும் சத்தம் கேட்டது.

அன்று மத்தியானமே அவள் வந்துவிட்டாள். கூட ஒரு போலீஸ்காரர், சார்ஜென்ட் டஃப். மலை ஏறி மூச்சிரைத்து, பேசுகிற நிலைமையில் இல்லாதவர். டூகல் விரலை நீட்டிக் காட்டினார். டஃப் கையுறை போட்டுக்கொண்டு தோண்டினார். இஷ்பெல் படம் எடுத்தாள். பருந்து வெளியே வந்தது. ஈரமாக, இறக்கை ஒரு பக்கம் மடங்கி, முதுகில் கருவியோடு. போன ஜூலையில் தன் கையிலிருந்து போன கோழிக்குஞ்சுகளைத் தின்று வளர்ந்தது என்று டூகலுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் வேறு பக்கம் திரும்பி வேலிக் கம்பியைப் பார்த்தார்.

இஷ்பெல் ஒரு படிவத்தை எடுத்தாள்.

"நீங்கதான் கண்டெடுத்தீங்க."

"ஆமா."

"உயிர் இருந்துச்சா?"

"இல்ல."

"எப்படிச் செத்துச்சுன்னு..."

"பாக்கல. இது நெஜமாவே பாக்கல, மேடம்."

"ஏன் புதைச்சீங்க?"

"பழக்கம்."

அவள் படிவத்தைப் பார்த்தாள். "இதுல நாலு காரணம்தான் இருக்கு மிஸ்டர் ரென்னி. நோய் பரவாம இருக்க, நாய் தின்னாம இருக்க, தவறுதலாக, மற்றவை."

"தவறுதலாகன்னு போட்டுக்குங்க."

"தவறுதலா ஒரு பருந்தப் புதைக்க முடியுமா?" என்றார் சார்ஜென்ட் டஃப். அவருக்கு இப்போதுதான் மூச்சு வந்திருந்தது.

"எங்க ஆளுங்க அப்படித்தான் சார் புதைப்பாங்க."

டஃப் சிரித்துவிட்டார். இஷ்பெல் சிரிக்கவில்லை. 'மற்றவை' என்ற இடத்தில் குறியிட்டு, பக்கத்தில் ஏதோ எழுதினாள். பிறகு சொன்னாள்: "எக்ஸ்ரே எடுப்பாங்க, அறுத்துப் பாப்பாங்க, விஷத்துக்கும் சோதிப்பாங்க. மூணு வாரம் ஆகும். உள்ள ஒரே ஒரு குண்டு இருந்தாலும் என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கூப்பிட்டீங்களா?"

"குண்டு இருக்கா இல்லயான்னு தெரிஞ்சிருந்தா ராத்திரி பூரா யோசிச்சிருக்க மாட்டேன், மேடம்."

அந்த மூன்று வாரங்களில் நடந்தவை பலவிதம். பறவைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று, இன்னொரு பருந்து மறைந்தது என்று கண்டன அறிக்கை வெளியிட்டது. நில உரிமையாளர்கள் சங்கம், ஆதாரமில்லாத அவதூறு என்று எதிர் அறிக்கை விட்டது. இரண்டும் ஒரே நாளில், அரை மணி நேர இடைவெளியில் வந்ததைப் பார்த்தால் இரண்டு தரப்பும் பருந்து முட்டைக்குள் இருக்கும்போதே எழுதி வைத்துவிட்டார்கள் என்று தோன்றும். கிரெஸ்வெல் நேரில் வந்தார். சத்தம் போடவில்லை. "நீ தோண்டிக் குடுத்தது பருந்த இல்ல ரென்னி, எஸ்டேட்ட" என்று மட்டும் சொல்லிவிட்டு, போகும்போது வீட்டின் பின்பக்கத்தை அடி அளந்து நடந்துவிட்டுப் போனார். குளியல் தொட்டிக்குத்தான் இடம் பார்க்கிறார் என்று ரோனா சொன்னாள்.

கீப்பர்கள் கூடும் மதுவிடுதியில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. கௌண்டரிலிருந்து டாவி மில்ன் சத்தமாகக் கேட்டான்: "டேய் டூகல், எங்க மாமனார் செத்து ஒம்பது வருஷமாச்சு. அவரையும் தோண்டிக் காட்டணுமா, இல்ல லைசென்ஸ் ஆபீஸ்ல உன் ஒருத்தன் கணக்கே போதுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். டூகல் பீரைக் குடித்து முடித்தார்; அவசரப்படவில்லை. வெளியே வந்ததும், டாவியின் மாமனாரைத் தனக்கு நன்றாகத் தெரியும், தோண்டினால் உள்ளே கட்டாயம் ஏதாவது இருக்கும் என்று தோன்றியது. ஆனால் அதை உள்ளேயே சொல்லியிருக்க வேண்டும். நல்ல பதில்கள் அவருக்கு எப்போதும் வாசலுக்கு வெளியேதான் வந்தன.

ரோனா ஊர்ப் பத்திரிகையில் வாடகை வீடுகளைப் பேனாவால் வட்டம் போட ஆரம்பித்திருந்தாள். எந்த வீட்டிலும் நாய் கூடாது என்று போட்டிருந்தது.

"நான் சொன்னது தப்பா?" என்று ஒரு காலையில் கேட்டார்.

"சொன்னது தப்பில்ல. பொதச்சது தப்பு. அதுக்கு முன்னாடி என்னென்ன தப்புன்னு நான் கேக்கப் போறதில்ல" என்றாள். பக்கத்தைத் திருப்பினாள். "பிரீகின் டவுனுக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்கு. ரெண்டாவது மாடி. அங்கேருந்து பாத்தா மலை தெரியாது. உனக்கு நல்லது."

இருபத்துநான்காம் நாள் கடிதம் வந்தது. இரண்டு பக்கம். ரோனா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். டூகல் ஜன்னலைப் பார்த்து நின்றார். நெஞ்செலும்பு முறிவு, இடது இறக்கை முறிவு, கம்பியில் வேகமாக மோதியதற்குப் பொருந்துகிறது. ஈயம் இல்லை. விஷம் இல்லை. இறந்த பிறகுதான் புதைக்கப்பட்டிருக்கிறது. உரிமம் தொடரும். ஒரு நிபந்தனை புதிதாகச் சேர்க்கப்படுகிறது: எஸ்டேட்டில் செத்துக் கிடக்கும் எந்த வேட்டைப் பறவையையும் தொடாமல், அன்றைய தினமே தெரிவிக்க வேண்டும். கூடவே ஒரு சிபாரிசு: மான் வேலிக் கம்பிகளில் பறவைகள் கண்ணுக்குப் படும்படி பட்டைகள் கட்டவும்.

அந்த வேலி எஸ்டேட் கேட்டுப் போட்டதில்லை. இளம் பிர்ச் மரக்கன்றுகளை மான் மேயாமல் காக்க, இயற்கைக்கு நன்மை செய்யும் திட்டம் ஒன்றின் மானியத்தில் வந்தது. திறப்பு விழாவுக்குப் பறவைப் பாதுகாப்புச் சங்கத்துக்காரர்களும் வந்து கைதட்டியிருந்தார்கள். கடிதம் வந்த பிறகு இரண்டு சங்கங்களும் புதிய அறிக்கை எதையும் வெளியிடவில்லை. நகரத்துப் பள்ளிக்கூடம் மட்டும் ஓர் அட்டை அனுப்பியது. முப்பது கையெழுத்துகள், நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோழி. பருந்தாகத்தான் வரைந்திருப்பார்கள்.

கிரெஸ்வெல் கூப்பிட்டார். "நான் ஆரம்பத்துலேருந்து சொல்லிட்டே இருந்தேன், ரென்னி. ஒளிவுமறைவு இல்லாம நடந்துகிட்டா ஒண்ணும் ஆகாதுன்னு."

"ஆமா சார்" என்றார் டூகல்.

"அந்தத் தொட்டி விஷயத்த... இப்போதைக்கு ஒத்திப் போட்டிருக்காங்க."

ரோனா வட்டம் போட்ட பத்திரிகையை அடுப்பு பற்ற வைக்கப் பயன்படுத்தினாள். விடுதியில் அவர் பெஞ்சில் இன்னும் யாரும் உட்காரவில்லை. கடிதம் அவரைக் குற்றமற்றவர் என்றது. அங்கே அவர் மேல் இருந்த குற்றமோ வேறு. தோண்டிக் காட்டியது. அதற்கு எந்தப் பரிசோதனைக் கூடமும் விடுதலை தர முடியாது. டூகல் வீட்டிலேயே குடிக்கப் பழகிக்கொண்டார். பட்டைகள் வந்தன; மூன்று நாள் வேலி நெடுக நின்று ஒவ்வொன்றாகக் கட்டினார். இந்த வருடமும் பூனைப்பருந்து ஒன்று மேலே சுற்றிப் பார்த்துவிட்டு, சென்ற வருடத்துக் கூட்டுக்குப் பக்கத்திலேயே இறங்கியது. இரண்டு வாளி கோழிக்குஞ்சுகளுக்குச் சொல்லிவைத்தார்.

மே மாதத்தில் ஒரு நாள் முற்பகல், மூன்றாம் மறைவில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டாவி மில்ன். இரண்டு மாதமாக அவரோடு பேசாதவன். குரலைத் தாழ்த்திப் பேசினான், சுற்றிலும் ஆடுகளைத் தவிர யாரும் இல்லாத இடத்திலிருந்து.

"டூகல், ஒரு பேச்சுக்குத்தான் கேக்கறேன்."

"கேளு."

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் இருக்கான்."

"ம்."

"அவன் ஒரு கழுகுக்குப் பக்கத்துல நிக்கறான். பொன்னிறக் கழுகு. பெருசு. செத்துக் கெடக்கு. அவன் ஒண்ணும் பண்ணல."

"நான் கேக்கலயே."

"சத்தியமா ஒண்ணும் பண்ணலடா. காலைல வந்தான், கெடந்துச்சு. அவ்ளோதான். அந்த லைசென்ஸ் ஆபீஸ் பொம்பள நம்பர் உன்கிட்ட இருக்குமான்னு... அவன் கேக்கறான்."

டூகல் நம்பரைச் சொன்னார். டாவி இரண்டு முறை திருப்பிச் சொல்லிக்கொண்டான்.

"அவ எங்கேருந்து வரணும்?"

"தெக்குப் பக்கம் எங்கயாவது இருப்பா. ரெண்டு மணி நேரம் ஆகும்."

"அதுவரைக்கும் என்ன பண்றது?"

டூகல் கோப்பையைக் கல்லின் மேல் வைத்தார்.

"அவன் கை இப்ப எங்க இருக்கு, டாவி?"

"கழுகு இறக்கையில" என்றான் டாவி.

"எடுத்துத் தன் பாக்கெட்டுக்குள்ள வச்சுக்கச் சொல்லு" என்றார் டூகல். "ரெண்டு கையையும்."